சிறுவர் கொலை செய்யும் குற்றக்கதையை எழுதுவது எப்படி: ஏமாற்றிய ஒரு நாவலை முன்வைத்து

அண்மையில் நான் வாசித்த துப்பறியும் நாவல் ஒன்று, முந்நூறு பக்கங்களுக்கு மேல் என்னை விடாமல் இழுத்துச் சென்று, கடைசி அத்தியாயத்தில் கைவிட்டது. இங்கிலாந்தின் கடலோரச் சிறுநகரம் ஒன்றில் மூன்று மரணங்கள் நிகழ்கின்றன. பொலிஸ் அதிகாரி ஊரில் உள்ள பெரியவர்கள் அனைவரையும் சந்தேகிக்கிறார். முடிவில் கொலையாளிகள் பன்னிரண்டு வயது அக்காவும் பத்து வயதுத் தம்பியும் என்று தெரியவருகிறது. ஏன் செய்தார்கள் என்ற கேள்விக்கு, அந்தப் பிள்ளைகள் பிறவியிலேயே அப்படித்தான் என்பதற்கு மேல் அந்த நாவலில் விடை இல்லை. அதிர்ச்சி இருந்தது, அந்த அதிர்ச்சிக்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை.

இந்த வழிகாட்டி, மட்டக்களப்பையோ அம்பாறையையோ களமாகக் கொண்டு இத்தகைய கதையை எழுத விரும்புகின்றவர்களுக்காக எழுதப்படுகிறது. பிள்ளை ஒன்று இன்னோர் உயிரை எடுப்பது இலக்கியத்தில் தொடத் தகாத விடயம் என்று நான் நினைக்கவில்லை. தொடுவதானால் அந்தப் பிள்ளையை ஒரு மனித உயிராகவும், இறந்தவரை இன்னொரு மனித உயிராகவும் கடைசி வரி வரை வைத்திருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. கீழே சொல்லப்படுபவை எல்லாம் அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவை.

கொலையாளி யார் என்பதை மறைக்காதீர்கள்

அந்த நாவல் விழுந்த இடம் இதுதான். சிறுவரே கொலையாளி என்பதைக் கடைசிவரை மறைத்து வைக்க வேண்டுமென்றால், ஆசிரியர் அந்தச் சிறுவரைப் பக்கங்களிலிருந்தே ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் படலைக்குள் ஓடிப்போகிறார்கள், மேசையடியில் விளையாடுகிறார்கள், யாராவது கேட்டால் ஒரு வரி பேசுகிறார்கள். உண்மை வெளியாகும்போது நமக்கு அவர்களைத் தெரியாது. தெரியாத ஒருவர் கொலையாளி என்று அறிவதில் வாசகருக்கு இழப்பும் இல்லை, துயரமும் இல்லை.

ஆகவே கதையின் முதல் மூன்றிலொரு பங்குக்குள் வாசகருக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதன் பின் கதையை இழுத்துச் செல்லும் கேள்வி மாறிவிடும். யார் செய்தது என்று கேட்டுக்கொண்டிருந்த வாசகர், சுற்றியிருக்கும் பெரியவர்களில் யார் இதை முதலில் காணப்போகிறார், கண்டபின் என்ன செய்வார் என்று கேட்கத் தொடங்குவார். இந்தக் கேள்வியின் இறுக்கம் எந்தத் திடீர்த் திருப்பத்தின் இறுக்கத்தையும் விட நீண்டு நிற்கும். ஏனென்றால் நம் ஊர்களில் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் பல: பெத்தா (பாட்டி), மாமி, அயல்வீட்டார், வகுப்பாசிரியர், கோயில் நிர்வாகியான வண்ணக்கர், கடைக்காரர். அத்தனை கண்களும் ஏன் தவறின என்பதில்தான் உங்கள் கதை இருக்கிறது.

வயதைத் தீர்மானித்தபின் சட்டத்தைப் படியுங்கள்

எழுதத் தொடங்கும் முன் பாத்திரத்தின் வயதை மாதக் கணக்கில் தீர்மானியுங்கள். இலங்கையில் ஒரு வருட வேறுபாடு கதையின் போக்கையே மாற்றிவிடும். நம் தண்டனைச் சட்டக்கோவையின்படி நீண்டகாலமாக எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயல் மாத்திரமே குற்றமாகாது என்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த எல்லையைப் பன்னிரண்டு வயதாக உயர்த்தியது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளை விடயத்தில், தான் செய்ததன் தன்மையையும் விளைவையும் விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அப்பிள்ளைக்கு இருந்ததா என்பது ஆராயப்பட வேண்டும். இங்கிலாந்தில் அந்த எல்லை பத்து வயது. நான் வாசித்த நாவலின் பத்து வயதுத் தம்பியை அங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ அதே வயதுப் பிள்ளையை ஏற்ற முடியாது. வெளிநாட்டுக் கதையைப் பார்த்து எழுதுகின்றவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பதினொரு வயதுப் பிள்ளையைத் தெரிவுசெய்தால், கைவிலங்கோடு முடியும் கதை உங்களுக்குக் கிடையாது. நன்னடத்தை உத்தியோகத்தரின் வருகை, பிள்ளையை எங்கே வைத்திருப்பது என்ற கேள்வி, மீண்டும் எந்தப் பாடசாலை சேர்த்துக்கொள்ளும் என்ற கேள்வி, அதே ஒழுங்கையில் இறந்த பிள்ளையின் வீடும் இருக்கிறது என்ற உண்மை ஆகியவற்றையே நீங்கள் எழுத வேண்டியிருக்கும். பதின்மூன்று வயதென்றால் முதிர்ச்சி பற்றிய விவாதம் கதையின் நடுவே வந்து நிற்கும். ஆசிரியரின் சாட்சியமும் வைத்திய அறிக்கையும் எடை பெறும். பதினாறு, பதினேழு வயதென்றால் கதை பெரியவர்களின் வழக்குக்கு மிக நெருங்கிவிடும். ஆனால் பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது என்பதை மறந்துவிட வேண்டாம். பெரியவர்களுக்கு விதிக்கப்படும் மரண தண்டனைகூட இந்நாட்டில் 1976க்குப் பின் நிறைவேற்றப்படவில்லை.

இன்னொரு சட்ட விடயம் கதை எழுதுகின்றவருக்கு மிகப் பெரிய கொடை என்று சொல்வேன். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரியிடம் ஒருவர் அளிக்கும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சாதாரணக் கொலை வழக்கில் இதுதான் நிலை. அப்படியிருக்க, அதிகாரி மேசையைத் தட்டியதும் பிள்ளை அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள, அத்தோடு வழக்கு முடிகிறது என்று எழுதினால், நீதிமன்றத்தில் ஒருநாள் உட்கார்ந்திருந்த எந்த வாசகரும் புத்தகத்தை மூடிவிடுவார். நீதவான் முன்னிலையில் சுயவிருப்பத்தோடு அளிக்கப்படும் வாக்குமூலம் வேறு வகை. பொலிஸாருக்குச் சொன்னதை வைத்துக் கண்டெடுக்கப்பட்ட ஒரு பொருள், உதாரணமாக வாவிக்கரைப் பற்றைக்குள் கிடந்த செருப்பு, வேறு வகை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் உங்கள் விசாரணை அதிகாரிக்கு உண்மையான தடை ஒன்று கிடைக்கும்: அவருக்கு உண்மை தெரியும், ஆனால் அது நீதிமன்றத்தில் எடுபடாது. நல்ல குற்றக்கதைக்கு வில்லனைவிட அப்படியொரு தடை தேவை.

விசாரணையின் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சடலம் கண்டெடுக்கப்பட்டதும் திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ வருவார். சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார். மட்டக்களப்பென்றால் பெரும்பாலும் போதனா வைத்தியசாலையில். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகம் பிள்ளையின் விடயத்தில் சம்பந்தப்படும். 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளைஞர் கட்டளைச் சட்டமே சிறுவர் நீதிமன்ற நடைமுறையின் அடிப்படை. ஆயினும் கொலைக் குற்றச்சாட்டு அங்கே தீர்ந்துவிடாமல், சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் மேல் நீதிமன்றம் வரை போகும். இந்தப் பயணத்துக்கு வருடக்கணக்கு ஆகலாம். பதின்மூன்று வயதில் செய்ததற்கு, மீசை அரும்பிய ஒரு இளைஞன் கூண்டில் நின்று பதில் சொல்வதை எழுதிப் பாருங்கள். நான் வாசித்த நாவல் இந்தக் காலத்தை முழுவதுமாகத் தாண்டிச் சென்றுவிட்டது. அங்கேதான் இன்னொரு நாவலே கிடந்தது.

பிள்ளையை அருகிலிருந்து காட்டுங்கள்

உதாரணத்துக்கு ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் படகுப்பாதையில் (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையில்; ஊரில் சுருக்கமாகப் பாதை என்பார்கள்) கடப்பது போல, வாவியைக் கடந்து போகும் படுவான்கரைக் கிராமம் ஒன்று; படுவான்கரை என்பது வாவியின் மேற்குக் கரை. பதின்மூன்று வயதுப் பொடியன். தாய் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள்; அவனும் பெத்தாவும் மாமாவின் வளவுக்குள் இருக்கிறார்கள். தாய் அனுப்பிய தொலைபேசியை அவன் உடைத்துவிடுகிறான். அதை அயல்வீட்டு ஒன்பது வயதுப் பிள்ளை கண்டுவிடுகிறான், மாமாவிடம் சொல்லிவிடுவேன் என்கிறான். இருவரும் ஒரே தோணியில் போகிறார்கள். ஒருவன் திரும்பி வருகிறான்.

காரணம் எவ்வளவு சிறியது என்று பெரியவர்களுக்குத் தோன்ற வேண்டும். பொடியனுக்கோ அது உலகம் முழுவதையும் மூடும் அச்சமாக இருக்க வேண்டும். அடிவிழும் என்ற பயமும், இனி அம்மாவின் முகத்தைக் காண வழியில்லை என்ற பயமும் அவனுக்குள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன. விளைவைத் தூர நின்று எண்ணிப்பார்க்கும் மூளைப்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே போகிறது என்பது உளவியலாளர் ஏற்றுக்கொண்ட விடயம். இந்த அறிவைக் கதையில் எவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அவன் ஒரு நிமிடத்துக்கு அப்பால் யோசிக்கவில்லை என்பது அவன் கைகளில் தெரிந்தால் போதும்.

தோணிக் காட்சியில் தள்ளியதை விடத் தள்ளியபின் வந்த நேரத்தை எழுதுங்கள். தோணிக் கம்பு அவன் கையில் இருந்தது. அதை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லையா, நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டானா, நீட்டியபோது நேரம் கடந்துவிட்டதா? கொலை என்றும், கொலையளவுக்கு எட்டாத உயிர்ப்பறிப்பு என்றும் சட்டம் பிரிக்கும் கோடு அந்தச் சில விநாடிகளுக்குள்தான் கிடக்கிறது. அந்த விநாடிகளை நீங்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். எவ்வளவை வாசகருக்குக் காட்டுவது என்பது உங்கள் கையில்.

பிறகு பொய். சிறுவர் பொய் சொல்லும் விதத்தை அந்த நாவலாசிரியர் கவனித்ததே இல்லை. அவருடைய பிள்ளைகள் சட்டத்தரணிகளைப் போலப் பேசினார்கள். நம் பொடியன் எப்படிப் பேசுவான்?

"எங்க மனே போனாய்?"

"அத்தாங்கு போடப் போனன் பெத்தா. கரையில நிண்டுதான் போட்டன். இறால் ஒண்டும் இல்ல. தண்ணி கலங்கிக் கிடந்த. மறுகா வந்திட்டன்."

அவள் கேட்டது ஒரு கேள்வி. அவன் சொன்னது ஐந்து பதில்கள். கரையில் நின்றானா என்று அவனை யாரும் கேட்கவில்லை. பெத்தா வேறொன்றும் கேட்காமல் அவன் சட்டையைப் பார்க்கிறாள். சேற்றுக் கறை நெஞ்சு வரை ஏறியிருக்கிறது. கரையில் நின்று அத்தாங்கு எனும் கைவலையைப் போடுகிறவனுக்குச் சேறு முழங்காலுக்கு மேல் வராது என்பது வாவிக்கரையில் வாழ்ந்து கிழவியானவளுக்குத் தெரியும். அவள் சட்டையைக் கழற்றச் சொல்லி, கிணற்றடிக்குக் கொண்டுபோய், சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தோய்க்கிறாள். அயல்வீட்டில் பிள்ளையைக் காணவில்லை என்ற கூக்குரல் அப்போதுதான் எழுகிறது. அவள் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு அந்த வீட்டுக்குத் தேடப் போகிறாள்.

இந்த இடத்தில் கதை பிள்ளையின் கையிலிருந்து பெரியவர்களின் கைக்கு மாறுகிறது. பெத்தா அறிந்தாளா, அறிய மறுத்தாளா என்பதை நீங்களும் அவசரப்பட்டு முடிவுசெய்ய வேண்டாம். குற்றக்கதை எழுதுகின்றவர் பெரும்பாலும் துப்பறிவாளருக்குத் தடயம் வைக்கிறார், வீட்டாருக்கு வைப்பதில்லை. வீட்டாருக்கு வையுங்கள். படகுப்பாதையில் அன்று கடந்தவர்கள் யார் யார் என்பதைப் பாதை ஓட்டுபவர் அறிவார். அவருக்கும் ஒன்று வைக்கலாம்.

அம்பாறை மாவட்டத்தில், சம்மாந்துறையிலோ மருதமுனையிலோ முஸ்லிம் குடும்பம் ஒன்றுக்குள் கதை நடந்தால் பேச்சும் முறைப்பெயர்களும் மாற வேண்டும். வாப்பா, உம்மா, ராத்தா என்று அழைக்கும் பிள்ளையின் வாயில் பெத்தா என்ற சொல்லை வைத்துவிட்டால் முழு வீடும் பொய்யாகிவிடும். உங்களுக்குத் தெரிந்த வீட்டையே எழுதுங்கள். தெரியாத வீட்டை எழுத வேண்டியிருந்தால், அந்த வீட்டுக்காரர் ஒருவரிடம் உரையாடல்களை வாசித்துக் காட்டுங்கள்.

பிறவிக் கொடுமை என்றோ போர் என்றோ ஒரு சொல்லில் முடிக்காதீர்கள்

1993இல் லிவர்பூலுக்கு அருகே பத்து வயதுச் சிறுவர் இருவர் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றனர். பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் அவர்களுக்கு விசாரணை நடந்தது. பத்திரிகைகள் அவர்களைப் பேய்களாக எழுதின. அந்த விசாரணை பிள்ளைகளுக்கு விளங்காத முறையில் நடந்ததால் நீதியானதாக அமையவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. லிவர்பூல் கொலைக்கு மறுவருடமே, 1994இல், நோர்வேயின் துறொண்ட்ஹெய்ம் நகரில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆறு வயதளவான சிறுவர்களின் கையில் இறந்தாள். அங்கே அப்பிள்ளைகளின் பெயர்கள் மறைக்கப்பட்டன, உளவளத்துணை கொடுக்கப்பட்டது, அவர்கள் ஊருக்குள்ளேயே வளர்க்கப்பட்டார்கள். ஒரே வகைத் துயரத்தை இரண்டு சமூகங்கள் இரண்டு விதமாகக் கையாண்டன. உங்கள் கதையின் ஊர் இவற்றில் எதற்குக் கிட்ட நிற்கும் என்பதை எழுதத் தொடங்கும் முன் தீர்மானியுங்கள். பாதி ஊர் அப்படியும் பாதி ஊர் இப்படியும் நிற்கும் என்பதே நம் கிராமங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

கிழக்கில் இந்த விடயத்துக்கு வேறொரு பாரமும் உண்டு. போர்க்காலத்தில் ஆயுதக் குழுக்கள் பிள்ளைகளைச் சேர்த்துத் துப்பாக்கி கொடுத்ததை நம் வாசகர்கள் கேள்விப்பட்டவர்கள் அல்லர், கண்டவர்கள். வகுப்பறையில் வெறுமையான வாங்கு எப்படி இருக்கும் என்று இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆகவே கொலை செய்யும் பிள்ளை என்ற உருவம் நமக்கு வினோதப் பொருளாக இருக்க முடியாது. அந்தக் கையில் ஆயுதத்தை வைத்தவர் யார் என்றுதான் நாம் முதலில் கேட்போம். அந்தக் கேள்வி உங்கள் கதைக்குள்ளும் வர வேண்டும்.

ஆனால் 2009க்குப் பின் பிறந்த பிள்ளையின் செயலுக்கெல்லாம் போரைக் காரணமாக நிறுத்துவது, பிறவிக் கொடுமை என்று எழுதுவதைப் போலவே சோம்பலான வேலை. மாமாவின் கைக்கு எப்போது, ஏன் அடிக்கும் பழக்கம் வந்தது என்பதில் போர் இருக்கலாம். தாய் ஏன் குவைத்துக்குப் போக வேண்டி வந்தது என்பதில் 2004 ஆழிப்பேரலையில் போன வீடும் வள்ளமும் இருக்கலாம். அவை குடும்பத்தின் பழக்கங்களிலும் கடன் கொப்பியிலும் இருக்கட்டும். பிள்ளையின் குற்றத்துக்கு அருகே விளக்கக் குறிப்பாக வந்து நிற்க வேண்டாம்.

இறந்த பிள்ளைக்கும் ஒரு வீடு கொடுங்கள்

அந்த நாவலில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். இறந்த மூவரில் ஒருவருடைய தாயின் பெயர்கூட எனக்கு நினைவில்லை, ஏனென்றால் ஆசிரியர் அதை ஒரு தரம்தான் சொன்னார். நம் ஊரில் ஒரு பிள்ளை இறந்தால் அந்த வீட்டில் எட்டுச் செலவு எனும் எட்டாம் நாள் சடங்கும் முப்பத்தோராம் நாள் சடங்கும் நடக்கும். அதற்குக் கொலை செய்தவனின் குடும்பமும் வந்து, பந்தல்காலில் சாய்ந்து நின்று, தேநீர் குடித்துவிட்டுப் போகும். அந்தப் பந்தலின் கீழே ஒரு முழு அத்தியாயத்தை எழுதுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் பாடசாலைப் பை எங்கே தொங்குகிறது, அதைத் தொட யாருக்கு அனுமதி உண்டு, அவனுடைய தங்கை எந்த இடத்தில் படுக்கிறாள் என்பவற்றை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

மரணத்தின் முறையைப் பொறுத்தவரை சுருக்கமே நல்லது. எப்படிக் கொல்வது என்று பிள்ளைகள் கற்றுக்கொள்ளக்கூடிய எந்த விபரமும் தேவையில்லை. வாசகருக்கும் அது ஒன்றையும் சேர்க்காது.

எழுதி முடித்தபின்

உண்மையில் நடந்த எந்த வழக்கையும் அடையாளம் காணக்கூடியவாறு எழுத வேண்டாம். சிறுவர் சம்பந்தப்பட்ட வழக்கில் அவர்களை அடையாளப்படுத்தும் செய்திகளுக்குச் சட்டத்தில் தடை உண்டு. சட்டத்துக்கு அப்பாலும், சின்ன ஊரில் ஒழுங்கையின் பெயரே போதும், ஒரு குடும்பம் தலைநிமிர முடியாமல் போய்விடும். கிராமத்தின் பெயரைக் கற்பனையாக வைத்து, வாவியையும் பாதையையும் வட்டையையும் (வயல்வெளியையும்) உண்மையாக வையுங்கள்.

கையெழுத்துப் பிரதியை மூன்று வகையானவர்களிடம் கொடுங்கள். சட்டத்தரணி ஒருவரிடம், எந்த இடத்தில் வழக்கு உடைகிறது என்று மட்டும் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் பணிபுரியும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் அல்லது நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரிடம், இந்தப் பிள்ளை உங்களிடம் வந்திருந்தால் முதல் நாள் என்ன கேட்டிருப்பீர்கள் என்று கேளுங்கள். அவருடைய பதில் உங்கள் பிரதியில் இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள். மூன்றாவதாக, பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு தினமும் பழகும் ஆசிரியரோ தாயோ ஒருவரிடம் பொடியன் பேசும் பகுதிகளை மட்டும் பிரித்துக் கொடுத்து, எந்த வரியை ஒரு பிள்ளை சொல்லாது என்று கோடிடச் சொல்லுங்கள். கோடிட்டவற்றை விவாதிக்காமல் வெட்டிவிடுங்கள்.